சாங்பிங், கி.மு. 260: சின், சாவ் படைகளுக்கு வண்ணம் தீட்டுவதும் பீடம் அமைப்பதும்

தேர்ப்பாகன்

அன்பர்களுக்கு வணக்கம். கி.மு. 260இல் சின் அரசும் சாவ் அரசும் சாங்பிங்கில் மோதிய போரை மேசையில் ஆடுவதற்காக, 15 மி.மீ. உயரச் சிற்றுருவங்களாக இரண்டு படைகளைத் திரட்டி வருகிறேன். ஈயக் கலவையில் வார்த்த உருவங்கள் கைக்கு வந்துவிட்டன. பிசிறு சீவி, சோப்பு நீரில் கழுவி, பிரைமர் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. டி.பி.ஏ. என்னும் பண்டைய போர் மேசையாட்ட விதிகளின்படி 40 மி.மீ. அகலப் பீடங்களில், படைக்குப் 12 பீடங்கள் என்று தொடங்கி, பின்னர் பெரிய ஆட்டங்களுக்கு விரித்துக்கொள்வது என் திட்டம்.

தூரிகையைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்விகள். மேசைகளில் நான் பார்த்த சின் படைகள் பெரும்பாலும் தலை முதல் கால் வரை கறுப்பாகவே இருக்கின்றன. அது சரியான வழக்கமா? இரண்டாவது, குறுக்குவில் வீரர்களையும் நீள்படைக்கலம் ஏந்தியவர்களையும் தனித்தனிப் பீடங்களில் நிறுத்துவதா, கலந்து நிறுத்துவதா? ஒருமுறை ஒட்டிவிட்டால் பிரிப்பது கடினம் என்பதால், முன்பே இந்தப் படைகளை நிறுத்தியவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சுடுமண்

முதல் கேள்விக்கு என் பதில்: கறுப்பு வேண்டாம், அதிலும் சாங்பிங்குக்கு நிச்சயமாக வேண்டாம்.

சின் என்றால் கறுப்பு என்ற எண்ணம் ஹான் காலத்து வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய வரலாற்றுக் குறிப்புகளிலிருந்து வருகிறது. கி.மு. 221இல் ஆறு அரசுகளையும் வென்று பேரரசை நிறுவிய சின் ஷி ஹுவாங், ஐம்பூதக் கோட்பாட்டின்படி தம் அரசு நீரின் ஆற்றலால் எழுந்தது என்று கொண்டு, நீருக்குரிய கறுப்பை ஆடைகளுக்கும் கொடிகளுக்கும் உயர்ந்த நிறமாக அறிவித்தார் என்கிறது அந்நூல். அந்த ஆணை பிறந்தது சாங்பிங் போருக்கு 39 ஆண்டுகள் கழித்து. சாங்பிங்கில் சின் தளபதி பாய் சீயின் படையில் போரிட்டவர்களுக்கு அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை.

அடுத்து, 1974இல் சியான் அருகே லின்டோங்கில் உழவர்கள் கிணறு தோண்டும்போது வெளிப்பட்ட சுடுமண் படையைப் பாருங்கள். அது ஆணைக்குப் பிறகு, பேரரசரின் கல்லறைக்கென்றே செய்யப்பட்டது. அப்படியிருந்தும் அதில் கறுப்புச் சீருடை இல்லை. அரக்குப் பூச்சின் மேல் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று ஆளுக்கு ஆள் வேறுபட்ட நிறங்கள் தீட்டப்பட்டிருந்தன. மண்ணிலிருந்து எடுத்ததும் ஈரம் வற்றி, அந்த அரக்கு சில நிமிடங்களிலேயே சுருண்டு உதிர்ந்ததால்தான் இன்று நாம் வெறும் மண்நிற வீரர்களைப் பார்க்கிறோம். நிறம் தங்கிய சில உருவங்களில், பேரியமும் செம்பும் சேர்த்துச் செயற்கையாக ஆக்கிய ஊதா நிறமியைக்கூட ஆய்வாளர்கள் அடையாளம் கண்டுள்ளனர்.

ஆகவே, ஒரு பீடத்தில் நிற்கும் நால்வரில் எந்த இருவருக்கும் ஒரே நிறத்தில் மேலங்கியும் காற்சட்டையும் அமையாதபடி தீட்டுங்கள். பச்சை அங்கிக்குக் கழுத்துப்பட்டையும் கைவிளிம்பும் ஊதா. சிவப்பு அங்கிக்கு நீலம். கவசத் தகடுகளை மட்டும் கரும்பழுப்பில் ஒரே சீராக வைத்துக்கொண்டு, அவற்றைக் கோக்கும் கயிறுகளைச் சிவப்புப் புள்ளிகளாக இட்டால், பல நிறங்களுக்கு நடுவிலும் படை ஒன்றாகத் தெரியும். மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்தச் சிவப்புப் புள்ளிகள்தான் முதலில் கண்ணில் படும்.

நெடுவேல்

சுடுமண் அவர்களின் விளக்கம் மதிப்புக்குரியது. ஆனாலும் ஓர் ஐயத்தை முன்வைக்கிறேன். கல்லறைக்குத் தீட்டிய நிறங்களைப் போர்க்களத்து உடையின் சான்றாக எப்படி ஏற்பது? ஊதா நிறமி செய்வதற்கே கடினமானது. அதைச் சாதாரணக் காலாள் அணிந்தான் என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை. பேரரசரின் மறுவாழ்வுக்காகக் கைவினைஞர்கள் தங்களிடமிருந்த சிறந்த நிறங்களையெல்லாம் பூசியிருக்கலாம் அல்லவா? மேலும், அந்தக் குழிகளில் உள்ள வீரர்கள் தலைக்கவசமும் கேடயமும் இன்றி நிற்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, சின் வீரர்கள் தலைக்கவசம் இல்லாமல் போருக்குப் போனார்கள் என்று எண்ணி உருவங்கள் வார்க்கப்பட்டன. 1998இல் அதே கல்லறை வளாகத்தில் கிடைத்த குழியில், சுண்ணாம்புக்கல் தகடுகளைச் செம்புக் கம்பியால் கோத்த கவசங்களும் தலைக்கவசங்களும் குவியலாக வெளிவந்த பிறகு அந்த முடிவு நிற்கவில்லை. குழியில் காண்பதெல்லாம் களத்தில் இருந்தது என்றோ, குழியில் காணாதது களத்தில் இல்லை என்றோ கொள்ள இயலாது என்பதே என் கருத்து.

சுடுமண்

நியாயமான ஐயம், நெடுவேல். தலைக்கவசம் பற்றி நீங்கள் சொல்வதை முழுதும் ஏற்கிறேன். உருவங்கள் வாங்கும்போதே ஒரு பகுதியைத் தலைக்கவசத்தோடு வாங்கிக் கலப்பது நல்லது.

நிறத்துக்குக் கல்லறைக்கு வெளியிலும் ஒரு சான்று உண்டு. 1970களின் நடுவில் ஹூபெய் மாகாணம் யுன்மெங் அருகே ஷுய்ஹுதியில் திறக்கப்பட்ட நான்காம் கல்லறையில் இரண்டு மரப்பலகைக் கடிதங்கள் கிடைத்தன. சூ அரசின் மீதான போரில், ஏறத்தாழ கி.மு. 223இல், சின் படையில் பணியாற்றிய ஹெய்ஃபு, ஜிங் என்ற இரு சகோதரர்கள் வீட்டுக்கு எழுதியவை அவை. தாய் எப்படி இருக்கிறார் என்று விசாரித்துவிட்டு, பணம் அனுப்புங்கள், உடைக்குத் துணி அனுப்புங்கள், அங்கே துணி விலை கூடுதலாக இருந்தால் பணமாகவே அனுப்பிவிடுங்கள், இங்கே வாங்கித் தைத்துக்கொள்கிறேன் என்று கேட்கிறார்கள். உடைக்காக வீட்டை நம்பியிருந்த படையில் சீருடை நிறம் எங்கிருந்து வரும்? ஊரில் கிடைத்த துணி, ஊரில் கிடைத்த சாயம் என்றுதான் இருந்திருக்கும்.

அந்த இரு கடிதங்களைப் படித்த பிறகு, என் சின் படையின் பின்வரிசைக் காலாட்களுக்குச் சாயமிடாத சணல்துணியின் வெளிர்மஞ்சள், மங்கிய பழுப்பு, வெளுத்த நீலம் ஆகியவற்றையே மிகுதியாகப் பயன்படுத்துகிறேன். ஊதாவையும் அடர்பச்சையையும் அதிகாரிகளுக்கு ஒதுக்கிவிட்டேன். அந்த வகையில் உங்கள் ஐயமும் என் சான்றும் ஒரே பீடத்தில் நிற்க இடம் இருக்கிறது.

தேர்ப்பாகன்

ஹெய்ஃபு, ஜிங் கடிதங்களைப் பற்றி இப்போதுதான் அறிகிறேன். மிக்க நன்றி. நிறத்தைப் பற்றிய குழப்பம் தீர்ந்தது. அப்படியானால் ஒரு படைப்பிரிவை இன்னொன்றிலிருந்து களத்தில் எப்படிப் பிரித்தறிந்தார்கள்? மேசையிலும் எனக்கு அது தேவைப்படுகிறது. பார்த்த மாத்திரத்தில் இடப்புறப் படை எது, நடுப்படை எது என்று தெரிய வேண்டும்.

அணிவகுப்பு

இந்தக் கேள்விக்குப் போரிடும் அரசுகளின் காலத்து நூலாகக் கருதப்படும் வேய் லியாவ்சுவில் நேரடியான விடை இருக்கிறது. இடப்புறப் படைக்கு நீலப்பச்சைக் கொடி, அதே நிற இறகு. வலப்புறப் படைக்கு வெள்ளைக் கொடி, வெள்ளை இறகு. நடுப்படைக்கு மஞ்சள் கொடி, மஞ்சள் இறகு. அதோடு, முன்னிருந்து பின்னாக வரிசைக்கு வரிசை அடையாளப் பட்டையின் நிறமும் அது அணியப்படும் இடமும் மாறும். முதல் ஐந்து வரிசைக்குத் தலையில், அடுத்த ஐந்துக்குக் கழுத்தில், பிறகு மார்பில், வயிற்றில், இடுப்பில் என்று நூல் வகுக்கிறது. நிறங்களும் நீலப்பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று அதே ஒழுங்கில் செல்கின்றன.

15 மி.மீ. உருவத்தில் மார்புப் பட்டை தீட்டுவது சற்றுப் பொறுமை வேண்டும் வேலை. ஆயினும் செய்யத் தகுந்தது. 0 எண் தூரிகையின் நுனியால் ஒரு சிறு கட்டம் வைத்தால் போதும். உடை எத்தனை நிறத்தில் இருந்தாலும் இந்தப் பட்டை ஒரு பீடம் முழுவதும் ஒரே நிறத்தில், ஒரே இடத்தில் இருக்கட்டும். சின் அரசு இந்த முறையை அப்படியே கையாண்டது என்று நான் வாதிடவில்லை. அக்காலத்துப் படைத்தலைவர்கள் ஒழுங்கை எப்படிச் சிந்தித்தார்கள் என்பதற்கு இது சான்று. நமக்கு அது போதும்.

இரண்டாவது கேள்விக்கும் வருகிறேன். ஒரே பீடத்தில் கலக்காமல், தனித்தனிப் பீடங்களை முன்பின் வரிசைகளாக நிறுத்துங்கள் என்பது என் பரிந்துரை. சுடுமண் படையின் முதலாம் குழியின் முகப்பைக் கவனியுங்கள். கிழக்கு நோக்கி மூன்று வரிசை, வரிசைக்கு 68 பேர், ஆக 204 வீரர்கள். இவர்களில் பெரும்பாலோர் கவசம் அணியாத எறிபடையினர். கவசம் பூண்ட பெரும்படை அவர்களுக்குப் பின்னால் தேர்களோடு நிற்கிறது. இரண்டாம் குழியில் ஒரு மூலை முழுதும் வில்லாளர்கள்: நடுவில் மண்டியிட்டவர்கள், சுற்றிலும் நின்றவர்கள். ஆகவே முன்வரிசைப் பீடங்களில் கவசமற்ற குறுக்குவில் வீரர்களையும், இரண்டாம் வரிசையில் கவசம் அணிந்த நீள்படைக்கல வீரர்களையும் வைத்தால், விதிநூல் எதைக் கேட்டாலும் பார்வைக்கு அது சின் படையாக இருக்கும்.

நெடுவேல்

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. டி.பி.ஏ.யில் நெருங்கி நிற்கும் குறுக்குவில் வீரர்களுக்கான பீடம் 40க்கு 15 மி.மீ.தான். அதில் நான்கு பேரை ஒரு வரிசையாக நிறுத்த முடியும். மண்டியிட்டவர் முன்னும் நின்றவர் பின்னுமாக இரண்டு வரிசை நிறுத்த 15 மி.மீ. ஆழம் போதாது. மண்டியிட்ட உருவத்தின் காலோடு சேர்ந்து வார்க்கப்பட்ட தட்டே பல நேரங்களில் பீடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

நான் செய்வது இது: மண்டியிட்ட நால்வருக்கு ஒரு பீடம், நின்றவர் நால்வருக்கு ஒரு பீடம். முன்பீடத்தின் பின்விளிம்பிலும் பின்பீடத்தின் முன்விளிம்பிலும் மணலும் புல்லும் ஒட்டாமல் சமமாக விட்டுவிடுகிறேன். இரண்டையும் சேர்த்து வைத்தால் 30 மி.மீ. ஆழத்தில் ஒரே திரளாகத் தெரியும். ஆட்டம் கேட்டால் பிரித்து அருகருகே வைக்கலாம். முன்பீடத்தின் தட்டை அரத்தால் ஒரு மில்லிமீட்டர் தேய்த்து மெலிதாக்கினால் பின்னால் நிற்பவர்கள் இன்னும் உயர்ந்து தெரிவார்கள்.

நீள்படைக்கலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார்ப்போடு வரும் தண்டுகள் மெல்லியவை. பெட்டியில் வைக்கும்போதே வளையும். தண்டை வெட்டி எடுத்துவிட்டு, கைமுட்டியில் 0.5 மி.மீ. துளைக்கருவியால் துளையிட்டு, எஃகுக் கம்பி செருகுங்கள். 3 மீட்டர் நீளத் தண்டு 15 மி.மீ. அளவில் ஏறத்தாழ 28 மி.மீ. வரும். கெ என்னும் கொக்கிக் கோடரிக்குத் தலை வேண்டுமே என்பவர்கள் வெட்டிய வார்ப்பிலிருந்து அலகை மட்டும் நறுக்கி, கம்பியின் நுனிக்குச் சற்றுக் கீழே சூப்பர் க்ளூவால் குறுக்காக ஒட்டலாம். அலகு தண்டுக்குச் செங்குத்தாக, எதிரியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். எல்லா அலகுகளும் ஒரே பக்கம் பார்க்கும்படி ஒட்டுவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கட்டாயம் கொடுங்கள். சீனக் காலாட்படையை உலகின் வேறெந்தக் காலாட்படையிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அந்த அலகுதான்.

தினைப்புனம்

இதுவரை உருவங்களைப் பற்றியே பேசியுள்ளோம். பீடத்தின் மண்ணைப் பற்றி நான் எழுதுகிறேன். இதைப் பலர் கடைசி வேலையாகக் கருதிப் பச்சைப் புல்தூளைத் தூவி முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு படை எந்த நாட்டில் நிற்கிறது என்பதை முதலில் சொல்வது அதன் காலடி மண்.

சாங்பிங் இன்றைய ஷான்சி மாகாணத்தின் காவ்பிங் வட்டாரம். காற்று கொண்டுவந்து குவித்த லோயஸ் மண் பரந்த நிலம் அது. அந்த மண் மாவு போல நுண்மையானது; வெளிர்மஞ்சளும் பழுப்பும் கலந்தது. கரடுமுரடான கல் மிகக் குறைவு. எனவே பீடத்தில் ஆற்றுமணலை அப்படியே ஒட்டக் கூடாது. ஒவ்வொரு பருக்கையும் 15 மி.மீ. வீரனுக்கு உருண்டைக்கல்லாகத் தெரியும். சுவருக்குப் பூசும் பட்டியில் சிறிது ஃபெவிகாலும் பழுப்பு அக்ரிலிக்கும் குழைத்து, உருவங்களின் தட்டுகளை மறைக்கும் உயரத்துக்குத் தடவுங்கள். பாதி காய்ந்த நிலையில் பழைய பல்துலக்கியால் மெல்லத் தட்டினால் நுண்ணிய சொரசொரப்பு கிடைக்கும். முழுதும் காய்ந்த பின் நீர்த்த பழுப்பு வாஷ், அது காய்ந்ததும் வெளிர்மஞ்சளில் ட்ரை பிரஷ் (வண்ணத்தைத் துடைத்த தூரிகையால் மேடுகளை மட்டும் தேய்ப்பது), இறுதியாக மேடான இடங்களில் மட்டும் தந்தவெள்ளை. லோயஸ் நிலத்தில் மழைநீர் செங்குத்தாக அரித்த பிளவுகள் இயல்பு. தேர்ப்பீடம் போன்ற பெரிய பீடத்தில் பட்டி ஈரமாக இருக்கும்போதே கத்திமுனையால் ஓர் அரிப்புப் பிளவைக் கீறிவிடலாம்.

பயிர் எது என்பதும் முக்கியம். அக்கால வட சீனத்தின் உணவு அரிசி அல்ல, தினையும் பனிவரகும். தினை அறுத்த வயலின் தாள்களைக் காட்ட, தேங்காய் நார் தூரிகையின் இழைகளை இரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, வரிசை பிடித்து நடலாம். பசும்புல் கட்டாயம் வேண்டும் என்றால் காய்ந்த வைக்கோல் நிறத்தில் சில கொத்துகள் போதும். அடுத்து சூ அரசின் படையைத் திரட்டுவோர் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்: யாங்சி ஆற்றின் நடுப்பகுதி ஈர நிலம், நெல் வயல், நாணல். அடர்பழுப்பு மண்ணும் செழித்த பச்சையும் அங்கேதான் பொருந்தும். வடக்கும் தெற்கும் மேசையில் எதிரெதிராக நிற்கும்போது, கொடியைப் பார்க்காமலே எந்தப் படை எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

தேர்ப்பாகன்

தினைப்புனம் அவர்களின் பதிவைத் தனியே சேமித்துக்கொண்டேன். சாவ் படைக்கு வருகிறேன். கி.மு. 307இல் சாவ் மன்னர் வூலிங், வடபுல நாடோடிகளின் உடையையும் குதிரைமேல் இருந்து அம்பெய்யும் முறையையும் தம் நாட்டில் புகுத்தினார் என்பதால், சாவ் படையில் பாதியேனும் குதிரைப்படையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். 12 பீடங்களில் ஐந்து அல்லது ஆறு?

அணிவகுப்பு

அது மிகுதி. சாவ் தளபதி லி மு, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஷியோங்நு நாடோடிகளுக்கு எதிராகத் திரட்டிய படையின் எண்ணிக்கையைச் சிமா சியென் தருகிறார்: தேர் 1,300, குதிரை 13,000, தேர்ந்த வீரர் 50,000, வில்லாளர் 1,00,000. இது எல்லைப்படை, குதிரை வீரர்களையே எதிரியாகக் கொண்டது. அப்படிப்பட்ட படையிலும் குதிரை இவ்வளவுதான். இதை 12 பீடங்களாகப் பகுத்தால் வில்லாளர் 7, காலாள் 4, குதிரை 1 என்று வரும். தேருக்கு ஒரு முழுப் பீடம்கூடத் தேறாது.

நெடுவேல்

இதை நான் முழுதும் ஏற்க மாட்டேன். ஆட்டத்தில் ஒரு பீடம் குறிப்பது ஆள் எண்ணிக்கையை மட்டும் அல்ல. களத்தில் அந்தப் பிரிவு செலுத்திய தாக்கத்தையும் சேர்த்துத்தான். சாங்பிங்கிலேயே பாருங்கள். சாவ் தளபதி சாவ் குவோ முன்னேறித் தாக்கியபோது, பாய் சீ பின்வாங்குவது போல் போக்குக் காட்டி, 25,000 பேரைச் சாவ் படையின் பின்புறத்துக்கும், 5,000 குதிரை வீரர்களைச் சாவ் அரண்களுக்கு இடையிலும் அனுப்பினார். படை இரண்டாகத் துண்டிக்கப்பட்டது, உணவு வழி அடைபட்டது, 46 நாள் பட்டினிக்குப் பிறகு சாவ் குவோ தப்ப முயன்று அம்பு பட்டு வீழ்ந்தார். சரணடைந்தோரும் கொல்லப்பட்டோரும் சேர்ந்து 4,00,000க்கு மேல் என்று சிமா சியென் எழுதும் போரில், முடிவைத் தீர்மானித்த குதிரைப்படை வெறும் 5,000. எண்ணிக்கையின்படி அதற்குக் கால் பீடம்கூடக் கிடைக்காது. எனவே இருபுறமும் குதிரைக்கு இரண்டு பீடங்கள் தருவது முறை. சாவ் படைக்கு மூன்று வரை போகலாம். ஐந்தோ ஆறோ என்றால் அது ஷியோங்நு படையாகிவிடும்.

அணிவகுப்பு

இந்த வாதம் எனக்கு ஏற்புடையதே. சாவ் படைக்கு இலகு குதிரைப் பீடம் இரண்டு, கனத்த குதிரைப் பீடம் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கும் குதிரைகளில் அங்கவடி (ஏறியிருப்பவர் கால் வைக்கும் வளையம்) வார்க்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சுடுமண் குதிரைகளில் சேணம் உண்டு, அங்கவடி இல்லை. சீனத்தில் அதன் தெளிவான சான்றுகள் கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வார்ப்பில் இருந்தால் நுண்ணரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, பாதத்தை இயல்பாகத் தொங்கும் நிலையில் வண்ணத்தால் சரிசெய்யலாம்.

சுடுமண்

தேர்ப்பீடத்துக்கு ஒரு குறிப்பு. நான்கு குதிரைகளில் நடு இரண்டுதான் நுகத்தில் பூட்டப்பட்டவை. வெளி இரண்டும் இழுவார்களால் மட்டும் இணைந்தவை. 1980இல் கிடைத்த, பாதி அளவில் செய்த வெண்கலத் தேர்களில் இந்த அமைப்பு மிகத் தெளிவு. 40 மி.மீ. அகலத்துக்குள் நான்கும் நெருங்கி நிற்பதால், ஒட்டிய பிறகு உள்பக்கங்களுக்குத் தூரிகை போகாது. குதிரைகளைத் தனித்தனியே தீட்டி முடித்துத்தான் ஒட்ட வேண்டும். வெளிக்குதிரைகளை அரை மில்லிமீட்டர் பின்தள்ளி வைத்தால் நெரிசலும் குறையும், இழுவாரும் தெரியும். வழக்கமான தேரில் இடப்புறம் வில்லாளி, நடுவில் பாகன், வலப்புறம் நீள்படைக்கல வீரன். தளபதியின் தேரில் முரசோடு தளபதி நடுவில் நிற்பார், பாகன் இடப்புறம் நகர்வார். தளபதிப் பீடத்துக்கு வேறு அலங்காரம் தேவையில்லை. முரசு ஒன்றே போதும்.

தேர்ப்பாகன்

மிக்க நன்றி, நண்பர்களே. முடிவு செய்தவற்றை எழுதுகிறேன். சின்: குறுக்குவில் பீடம் ஐந்து, நீள்படைக்கலம் நான்கு, குதிரை இரண்டு, தளபதியின் தேர் ஒன்று. சாவ்: வில்லும் குறுக்குவில்லும் ஐந்து, காலாள் மூன்று, குதிரை மூன்று, தேர் ஒன்று. உடை கலப்பு நிறம், பட்டை பீடத்துக்கு ஒரே நிறம், மண் லோயஸ் மஞ்சள். கொடிகள் மட்டும் எஞ்சியுள்ளன. இதே சாவ் படையைப் பின்னர் ஹான் தளபதி ஹான் ஷின் காலத்துப் போருக்கும் பயன்படுத்த விரும்புகிறேன். கொடியை ஒட்டிவிட்டால் அது இயலாதே?

நெடுவேல்

ஒட்டாதீர்கள். கொடியேந்தியின் கைமுட்டியில் கம்பி இறுக்கமாகச் செருகி எடுக்கும்படி துளையிட்டு, பட்டியிலும் அதற்கு நேர்கீழே ஒரு குழி விடுங்கள். கொடித்தண்டு இரண்டு இடத்தில் பிடித்து நிற்கும், வேண்டும்போது கழற்றலாம். சாங்பிங்குக்கு அணிவகுப்பு சொன்ன நீலப்பச்சை, வெள்ளை, மஞ்சள் கொடிகளைச் செருகுங்கள்.

கி.மு. 204இல் ஜிங்ஷிங் போரை ஆடும்போது சிவப்புக் கொடிகள் தேவைப்படும். ஹான் ஷின் 2,000 இலகு குதிரை வீரர்களிடம் ஆளுக்கொரு சிவப்புக் கொடி கொடுத்து மலைப்பாதை வழியே அனுப்பினார். சாவ் படை அரணைவிட்டு வெளியே வந்ததும், அவர்கள் உள்ளே புகுந்து சாவ் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சிவப்புக் கொடிகளை நட்டார்கள். ஆகவே அரண் சுவர்த் துண்டு செய்யும்போது அதன் மேல்விளிம்பிலும் அதே அளவுத் துளைகளை வரிசையாக இட்டுவையுங்கள். ஆட்டத்தின் நடுவே கொடிகளை மாற்றி நடலாம். தண்டுக்கு 0.5 மி.மீ. கம்பி என்றால் துளைக்கு 0.6 மி.மீ. சரியாக இருக்கும். கொடியை மெல்லிய தாளில் இருபுறமும் தீட்டி, நீர்த்த ஃபெவிகால் தடவி, ஈரமாக இருக்கும்போதே விரலால் மடிப்புக் கொடுத்து உலர விடுங்கள்.